மண்ணில் விளைந்த வைரமா, ஆய்வகத்தில் வளர்ந்த வைரமா?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். இங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு தலைமுறைக்கு முன்பு நிச்சயதார்த்தம் என்றால் வெற்றிலை பாக்கு, பழத்தட்டு, பூ, ஒரு சேலை, அவ்வளவுதான். வசதியிருந்த வீட்டில் அரைப் பவுனில் ஒரு தங்க மோதிரம் போடுவார்கள். இன்று நம் பிள்ளைகள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். உடன் வேலை செய்பவர்களின் விரல்களைப் பார்க்கிறார்கள். மோதிரம் மாற்றுவது நிச்சயதார்த்தத்தின் முக்கிய நிகழ்ச்சியாகிவிட்டது. அந்த மோதிரத்தில் ஒரு வைரக்கல் வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

நகைக்கடைக்குப் போனால் அங்கே இரண்டு தட்டுகளை நீட்டுகிறார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி மின்னும் மோதிரங்கள். ஒன்றின் விலை லட்சத்துக்கு மேல். மற்றது அதில் சிறு பங்குதான். "இது சுரங்கத்து வைரம், அது லேப் வைரம்" என்கிறார் விற்பனையாளர். பெண் வீட்டார் ஒருபுறம், மாப்பிள்ளை வீட்டார் மறுபுறம் யோசிக்கிறார்கள். விலை குறைந்ததை வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? அது உண்மையில் வைரம்தானா? திருமணத் தயாரிப்பின்போது இளைஞர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் இக்கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாகவே நாம் இங்கு பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் வீடுகளில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று ஒரு கல் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. அது வைரமே அன்று. சிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடிலிருந்து செய்யப்படும் வேறு பொருள் அது. திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் இத்தகைய செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் குடிசைத் தொழிலாக இருந்தது. இயந்திரத்தில் பட்டை தீட்டிய மலிவான சீனக் கற்கள் வந்து குவிந்தபின் அத்தொழில் நலிந்தது. ஆகவே 'செயற்கை வைரம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பெரியவர்களுக்குத் திருச்சிக் கல்தான் நினைவுக்கு வருகிறது. "கண்ணாடிக் கல்லைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள்" என்று அவர்கள் சொல்வதும் அதனால்தான்.

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. சுரங்கத்து வைரம் கரி அணுக்களால் ஆனது. ஆய்வகத்து வைரமும் அதே கரி அணுக்கள், அதே அடுக்கில், அதே கடினத்துடன் அமைந்ததுதான். கண்ணாடியைக் கீறுவதும் ஒளியைச் சிதறடிப்பதும் இரண்டுக்கும் ஒன்றே. கடைகளில் வைத்திருக்கும் பேனா போன்ற சோதனைக் கருவி, கல்லின் வழியே வெப்பம் எவ்வளவு விரைவாகப் பாய்கிறது என்பதைப் பார்க்கிறது. அது அமெரிக்கன் டைமண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வகத்து வைரத்தை வைத்தாலோ 'வைரம்' என்றே சொல்லும். பொய் சொல்லவில்லை; அது வைரம்தான்.

வேறுபாடு பிறப்பில் இருக்கிறது. பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, தாங்க முடியாத அழுத்தத்திலும் வெப்பத்திலும், பெரும்பாலும் 100 கோடி முதல் 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவானவை இயற்கை வைரங்கள். பிறகு எரிமலை வெடிப்புகள் அவற்றை மேலே கொண்டுவந்து சேர்த்தன. இந்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஓர் இயந்திரத்துக்குள் உண்டாக்க முடியுமா என்று அறிவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக முயன்றார்கள். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹால் என்பவர் அதைச் செய்து காட்டினார். அவர் கண்ட கற்கள் மணலளவுப் பொடிகள். தொழிற்சாலைகளில் அறுக்கவும் தேய்க்கவும்தான் பயன்பட்டன. நகைக்கு ஏற்ற தரத்தில், கட்டுப்படியாகும் செலவில் வளர்க்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மேலே சொன்ன உயர் அழுத்த, உயர் வெப்ப முறை. மற்றொன்று நம் குஜராத்தில் பெரிதும் கையாளப்படும் சிவிடி முறை. இதைப் பயிர் வளர்ப்புக்கு ஒப்பிடலாம். மெல்லிய வைரச் சீவல் ஒன்றை 'விதை'யாக ஒரு கலனுக்குள் வைக்கிறார்கள். மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களை உள்ளே செலுத்தி, நுண்ணலையால் ஏறத்தாழ ஆயிரம் டிகிரி வெப்பத்தில் கொதிக்க விடுகிறார்கள். மீத்தேனிலிருந்து பிரியும் கரி அணுக்கள் விதையின்மேல் ஒவ்வோர் அடுக்காகப் படிகின்றன. சில வாரங்களில் அறுவடை. தொழிலில் இருப்பவர்களே 'விதை', 'வளர்ப்பு' என்றுதான் சொல்கிறார்கள். அரசும் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது: 2023-24 நிதிநிலை அறிக்கையில் இவ்விதைகளுக்கான இறக்குமதி வரி நீக்கப்பட்டது. ஆய்வகத்து வைரத்துக்கென ஓர் ஆய்வு மையம் சென்னை கிண்டியிலுள்ள ஐஐடியில் அமைக்கப்படும் என்றும், ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 243 கோடி ரூபாய் தரப்படும் என்றும் அதே 2023ல் முடிவானது. எனவே இது எங்கோ வெளிநாட்டில் நடக்கும் வித்தை என்று நினைக்க வேண்டாம். மாகறலிலிருந்து பேருந்து ஏறினால் அன்றே போய்த் திரும்பக்கூடிய தொலைவில் இதற்கான மையம் இருக்கிறது.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே, மலிவானதை வாங்கிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். காஞ்சிபுரத்து மக்களாகிய நமக்கு இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள வேறெங்கும் போக வேண்டியதில்லை. பட்டுச் சேலை போதும். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. போலிச் சரிகையும் மின்னும். கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தெருவில் "பழைய பட்டுச்சேலை வாங்குறது" என்று கூவி வருபவர் சரிகையைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றுக்குப் பணம் தருகிறார், மற்றதைத் திருப்பித் தந்துவிடுகிறார். போலிச் சரிகைச் சேலை வாங்குவது குற்றமா? இல்லை. பணமில்லாதவர் அதையும் மகிழ்ச்சியோடு உடுத்துகிறார். அசல் சரிகை என்று சொல்லி அதை விற்பதுதான் குற்றம்.

வைரத்தில் இந்த ஒப்புமை முழுமையாகப் பொருந்தாது என்பதும் உண்மை. போலிச் சரிகையில் வெள்ளியே இல்லாமல் போகலாம். ஆய்வகத்து வைரத்தில் வைரம் இருக்கிறது. ஆனால் மறைத்து விற்கும் ஆபத்து இரண்டுக்கும் பொது. 2012ல், ஆய்வகத்தில் வளர்த்த பல நூறு கற்கள் இயற்கைக் கற்கள் என்ற பெயரில் சோதனைக்கு வந்து பிடிபட்டன. அதுமுதல் வைர வணிகத்தில் இந்த அச்சம் நீங்கவே இல்லை. வெறுங்கண்ணாலோ, பூதக்கண்ணாடியாலோ, மேலே சொன்ன பேனாக் கருவியாலோ இரண்டையும் பிரித்தறிய முடியாது. கல் ஒளியை எப்படி உறிஞ்சுகிறது, புற ஊதா ஒளியில் எப்படி மின்னுகிறது என்பதை ஆராயும் கருவிகள் உள்ள ஆய்வகம்தான் சொல்ல முடியும். ஆகவே நாம் வாங்குவது என்ன என்பதை நமக்குச் சொல்லப்போவது கல் அன்று. கல்லோடு வரும் தாளும், விற்பவரின் நாணயமும்தான்.

நம் வட்டாரத்தில் இது பழைய கவலை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகத்தான் நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்தத் தேர்தலால் அமைந்த வாரியங்களுள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. பொன்னுக்கென்று ஊரார் தனியாக ஒரு வாரியத்தையே வைத்திருந்தார்கள் அன்று! இன்று தங்கத்துக்கு அந்த வேலையை ஹால்மார்க் முத்திரை செய்கிறது. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாள எண் அதில் கட்டாயம். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஹால்மார்க் சொல்வது தங்கத்தின் தூய்மையை மட்டுமே. அதில் பதித்த கல் எது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. "ஹால்மார்க் இருக்கிறது, அதனால் வைரமும் அசல்" என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி விலைக்கு வருவோம். பலருக்கு முதல் தடுமாற்றம் 'கேரட்' என்ற சொல்லிலேயே வருகிறது. தங்கத்தில் கேரட் என்பது தூய்மை. 22 கேரட், 18 கேரட் என்கிறோம். வைரத்தில் கேரட் என்பது எடை. ஒரு கேரட் 200 மில்லிகிராம், அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். 30 சென்ட் கல் என்றால் 60 மில்லிகிராம்தான். வைர மோதிரங்களைப் பெரும்பாலும் 18 கேரட் தங்கத்தில் செய்கிறார்கள், 22 கேரட் மென்மையாக இருப்பதால் கல் நழுவிவிடும் என்பதற்காக. ஆகவே மோதிரத்தின் விலையில் தங்கம் எவ்வளவு, கல் எவ்வளவு, செய்கூலி சேதாரம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது. கல்லின் எடையைத் தங்கத்தின் எடையோடு சேர்த்துவிடக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு கேரட் அளவுள்ள ஆய்வகத்துக் கல், அதே தரமுள்ள சுரங்கத்துக் கல்லின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கிடைக்கிறது. இது ஒரே நாளில் நடந்ததன்று. சுரங்க வைர வணிகத்தின் முடிசூடா மன்னனாக இருந்த டி பீர்ஸ் நிறுவனமே 2018ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வகத்து வைர நகைகளை விற்கத் தொடங்கியது. கேரட் ஒன்றுக்கு 800 டாலர் என்று விலை வைத்தது. சந்தையில் விலை மேலும் சரிந்து சரிந்து போக, 2025ல் அந்தக் கடையை மூடுவதாக அறிவித்தது. கலன்களின் எண்ணிக்கை கூடக் கூட விலை இறங்கும். அது வளர்த்து எடுக்கும் பொருளின் இயல்பு. இன்று முப்பதாயிரத்துக்கு வாங்கிய ஆய்வகத்துக் கல்லை ஐந்தாண்டு கழித்து விற்கப் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

சுரங்கத்து வைரமாவது கை கொடுக்குமா? இங்கேதான் நம் மக்கள் ஏமாந்து போகிறார்கள். தங்கத்தைப் போல வைரத்துக்கு அன்றாடம் செய்தித்தாளில் விலை போடுவதில்லை. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தாலும் கழிவு போகத்தான் தருகிறார்கள். வேறு கடைக்குப் போனால் இன்னும் குறைவு. எல்லாவற்றிலும் பெரிய சோதனை அடகுக் கடையில் வரும். விதைப்புக்கோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ அவசரம் என்றால் நம் குடும்பங்கள் போய் நிற்கும் இடம் வங்கியின் நகைக்கடன் மேசைதான். அங்கே மதிப்பீட்டாளர் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டும் கணக்கிடுகிறார். ரிசர்வ் வங்கியின் விதியும் அதுதான்: தங்கத்தின் மதிப்பு மட்டுமே கணக்கில் வரும், கற்களுக்கு இடமில்லை. இரண்டு லட்ச ரூபாய் சுரங்கத்து வைரமும் இருபதாயிரம் ரூபாய் ஆய்வகத்து வைரமும் அந்த மேசையில் சமம். இரண்டும் பூஜ்யம்!

ஆகவே வைரத்தைச் சேமிப்பு என்று எண்ணி எவரும் வாங்க வேண்டாம். ஆசைக்கு வாங்குவதானால் ஆசைக்கு என்றே வாங்குவோம். அப்படி வாங்கும்போது கடன் வாங்கக் கூடாது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்கிறோம். நம் ஊர்களில் நூற்றுக்கு மூன்று வட்டி என்பது சாதாரணம். மோதிரத்துக்காக ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். முதல் அப்படியே நிற்கும். புதுமணத் தம்பதியரின் முதல் ஆண்டுச் சண்டைகளில் எத்தனை, இப்படி ஒரு வட்டியில் தொடங்குகின்றன!

சரி, சுரங்கத்து வைரத்தை விடுத்து ஆய்வகத்துக்கு மாறுவோருள் சிலர் விலைக்காக மாறுவதில்லை, மனச்சான்றுக்காக மாறுகிறார்கள். அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில், கிளர்ச்சிப் படையினர் வைரம் விற்று ஆயுதம் வாங்கினார்கள். பொதுமக்களின் கைகளை வெட்டினார்கள். அங்கோலாவிலும் வைரப் பணம் போரை நீட்டித்தது. 'இரத்த வைரம்' என்ற சொல் அப்போது பிறந்தது. அதைத் தடுக்க 2003ல் கிம்பர்லி நடைமுறை என்ற பன்னாட்டுச் சான்றிதழ் ஏற்பாடு வந்தது. இந்தியாவும் அதில் இருக்கிறது. போர் வைரங்களின் வரத்து அதனால் பெருமளவு குறைந்தது. ஆனால் கிளர்ச்சிக் குழுக்களுக்குப் பணம் போவதை மட்டுமே அது குற்றமாகக் கொள்கிறது. ஓர் அரசே தன் மக்களை வதைத்து வைரம் எடுத்தால் அதில் பிடி இல்லை. இந்த ஓட்டையைக் காட்டித்தான், இந்த ஏற்பாடு உருவாகப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பே 2011ல் அதிலிருந்து விலகியது.

நம் பாட்டிமார்களின் தோட்டிலும் மூக்குத்தியிலும் இருந்த 'ப்ளூ ஜாகர்' வைரத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் உயர்ந்த வைரம் என்றால் அந்தப் பெயர்தான். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் என்ற சுரங்கத்தின் பெயர் நம் வாயில் அப்படி ஆனது. அச்சுரங்கம் மூடப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பின், 2022 செப்டம்பரில், அங்கே மலைபோல் தேங்கியிருந்த சுரங்கக் கழிவின் கரை உடைந்து ஊருக்குள் பாய்ந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. பாட்டியின் மூக்குத்திக்கும் அந்த ஊர் மக்களுக்கும் தொடர்பு உண்டு என்று நாம் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஆய்வகத்து வைரமே புனிதமானது" என்று முடிவு கட்டினால் அதுவும் அவசரம். போட்ஸ்வானா என்ற நாட்டை எடுத்துக்கொள்வோம். 1966ல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று அது. அடுத்த ஆண்டு அங்கே வைரம் கண்டெடுக்கப்பட்டது. அந்த வருவாயை அரசு பங்காகப் பெற்றுப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சாலைகளும் அமைத்தது. வைரம் சாபமாகாமல் வரமான நாடு என்று உலகமே அதை எடுத்துக்காட்டும். ஆய்வகத்து வைரம் பெருகி இயற்கை வைரத்தின் விற்பனை சரியத் தொடங்கியதும் அந்நாட்டின் கருவூலம் வற்றியது. 2025 ஆகஸ்டில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவிக்கும் நிலைக்கு அந்நாடு வந்தது. அமெரிக்க உதவி குறைந்ததும் ஒரு காரணம். வைர வருவாய் வீழ்ந்தது இன்னொரு காரணம்.

நம் நாட்டின் சூரத்தும் இப்படித்தான். உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பத்தில் ஒன்பது இந்தியாவில், பெரும்பாலும் சூரத்தில், பல லட்சம் தொழிலாளர்களின் கைகளில் உருவாகின்றன. கொரோனாவுக்குப் பின் வந்த மந்தத்தில் அவர்களின் கூலி குறைந்தது, வேலை நாள்கள் சுருங்கின, தற்கொலைகளும் நடந்தன. 2025ல் அமெரிக்கா விதித்த வரி அடி மேல் அடியானது. அதே ஊரில்தான் ஆய்வகத்து வைரத்தை வளர்க்கும் கலன்களும் அடுக்கடுக்காக இயங்குகின்றன. அந்தக் கற்களுக்கும் பட்டை தீட்டுவது அதே தொழிலாளர்கள்தான். யாருடைய பிழைப்பை யார் கெடுத்தார்கள் என்று ஒற்றை விரலை நீட்ட முடியாத நிலை.

'பசுமை வைரம்' என்று எழுதி ஒட்டுவதையும் அப்படியே ஏற்க வேண்டாம். சுரங்கம் தோண்டவில்லை என்பது உண்மை. ஆனால் கலன் வாரக்கணக்கில் ஓயாமல் மின்சாரத்தில் ஓடுகிறது. இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. சூரிய ஒளி மின்சாரத்தில் இயங்கும் ஆலைகளும் உண்டு. எந்த ஆலை எந்த மின்சாரத்தில் வளர்த்தது என்பது கடையில் நிற்கும் நமக்குத் தெரிய வழியில்லை.

ஆக, இரண்டு கற்களில் ஒன்று பாவக் கல், மற்றது புண்ணியக் கல் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. கையில் பணம் இருந்து, எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்கினால் சுரங்கத்து வைரத்தைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் தொடங்கும் இளைஞர் ஒருவர் கட்டாயம் வைரம்தான் வேண்டும் என்று விரும்பினால், எல்லாரும் அறிய ஆய்வகத்துக் கல்லை வாங்கச் சொல்லுவோம்.

நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் மறையாத ஒரு நம்பிக்கையையும் இங்கே தொட்டுவிடலாம். "வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, தோஷமுள்ள கல் குடும்பத்தைக் கெடுத்துவிடும்" என்று சொல்லி, வாங்குமுன் கல்லை வீட்டில் சில நாள் வைத்துப் பார்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. வைரத்தின் குற்றங்களைத் தேர்ந்தறிவது தமிழரின் பழைய கலை; சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவே இதற்குச் சான்று. வணிகருக்கு அது தரம் பார்க்கும் அறிவு. அதை நல்ல நேரம் கெட்ட நேரமாக மாற்றிக்கொண்டது பின்னர் வந்த பழக்கம். கல்லுக்குள் இருக்கும் கீற்று என்பது பூமிக்குள் வளர்ந்தபோது விழுந்த தழும்பு, அவ்வளவே. "லேப் வைரத்தில் தோஷமே இல்லை" என்று சொல்லி விற்கும் கடைக்காரரும் இந்த அச்சத்தைத்தான் காசாக்குகிறார். உண்மையில் ஆய்வகத்துக் கல்லிலும் கீற்றுகள் உண்டு. திருமுழுக்குப் பெற்ற நமக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை.

நிச்சயதார்த்த மோதிரத்தில் வைரம் வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது? திருச்சபையிலிருந்து வரவில்லை. உரோமையர் காலத்தில் மண ஒப்பந்தத்துக்கு இரும்பு மோதிரம் போட்டார்கள். 1477ல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன், பர்கண்டி நாட்டு இளவரசி மேரிக்கு வைர மோதிரம் அளித்ததை எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். அது அரச குடும்பத்துக் கதை. சாதாரண மக்களின் விரலுக்கு வைரம் வந்தது இருபதாம் நூற்றாண்டில், டி பீர்ஸ் நிறுவனத்தின் விளம்பரத்தால். வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற பொருள்படும் புகழ்பெற்ற வாசகத்தை 1947ல் பிரான்சிஸ் கெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர் எழுதினார். இத்தனை மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குச் செலவிட வேண்டும் என்ற கணக்கும் விளம்பரம் கற்றுக்கொடுத்ததே. நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கணக்கை யாரும் கேட்டதில்லை.

திருச்சபை என்ன சொன்னது என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 866ஆம் ஆண்டு, புதிதாக மறையைத் தழுவிய பல்கேரிய மக்களும் அவர்களின் அரசர் போரிசும் கேட்ட கேள்விகளுக்குத் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் நீண்ட பதில் எழுதினார். அதில் திருமண வழக்கத்தை விவரிக்கும்போது, மணமகன் பெண்ணின் விரலில் நம்பிக்கையின் அடையாளமாக மோதிரம் அணிவிப்பதைக் குறிப்பிடுகிறார். அடுத்து அவர் சொல்வதுதான் நம் கவனத்துக்குரியது. இச்சடங்குகள் எல்லாம் நடைபெறாவிட்டால் அது பாவமாகாது என்கிறார். ஏன்? சிலருக்கு இவற்றுக்கு ஏற்பாடு செய்ய முடியாத அளவுக்கு வறுமை இருக்கிறது என்று காரணமும் காட்டுகிறார். இருவரின் சம்மதம் போதும் என்று முடிக்கிறார். ஏறத்தாழ 1,160 ஆண்டுகளுக்கு முன்பே ஏழை மாப்பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில் இது. அன்று மோதிரத்துக்கே விலக்கு இருந்ததென்றால், மோதிரத்தில் பதிக்கும் கல்லைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2016ல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலின் 212ஆம் பத்தியில் இதே கவலையைப் பேசுகிறார். அழைப்பிதழ், உடை, விருந்து என்று அலைந்து, பணத்தோடு மகிழ்ச்சியையும் இழந்து களைத்துப்போய்ப் பீடத்துக்கு வரும் மணமக்களைப் பற்றி அவர் வருந்துகிறார். செலவுக்கு அஞ்சியே திருமணத்தைத் தள்ளிப்போடுவோர் இருப்பதையும் சுட்டுகிறார்.

நிச்சயதார்த்தம் முறிந்துபோனால் மோதிரம் யாருக்கு என்ற கேள்வியும் வருகிறது. மண ஒப்பந்தத்தைக் காட்டித் திருமணம் செய்தே ஆக வேண்டும் என்று எவரையும் வற்புறுத்த முடியாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1062. ஏற்பட்ட இழப்பை ஈடு செய்யக் கேட்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு நாள் பேச்சு வரும்போது, "நாங்கள் போட்டது மூன்று லட்ச ரூபாய் வைரம்" என்று ஒரு வீடும், "அது லேப் கல், பதினைந்தாயிரம்கூடப் பெறாது" என்று மற்றொரு வீடும் வாதிட்டால் பங்குத்தந்தை என்ன செய்வார் பாவம்! திருமணம் நல்லபடி நடந்து, ஐந்தாண்டு கழித்துக் கல்லை மாற்றக் கடைக்குப் போகும்போது மருமகள் உண்மையை அறிந்தால் அது அதைவிடப் பெரிய காயம். விலை குறைந்ததால் வரும் காயமன்று அது, மறைத்ததால் வருவது. முதல் நாளே, "இது ஆய்வகத்தில் வளர்த்த கல், என் சம்பளத்தில் வாங்கினேன்" என்று சொல்லிப் போட்டிருந்தால் அவர் அதை எவ்வளவு பெருமையோடு அணிந்திருப்பார்.

மாப்பிள்ளைக்கு வைர மோதிரம் போட வேண்டும் என்று கேட்டு வாங்குவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கேட்டு வாங்கினால் அது வரதட்சணை. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். தாமாக மனமுவந்து தரும் அன்பளிப்புகளுக்கு 1985ல் வந்த விதிகள் ஒரு நல்ல வழியைக் காட்டுகின்றன. மணமக்கள் பெற்ற பரிசுகளுக்குத் தனித்தனிப் பட்டியல் எழுத வேண்டும். பொருளின் சுருக்கமான விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். மணமக்கள் கையொப்பமிட வேண்டும். நம் பங்குகளில் இந்தப் பட்டியலை எழுதுபவர் மிகக் குறைவு. நிச்சயதார்த்த மோதிரத்தையும் அதில் சேர்த்து எழுதிவிடலாம்.

வாங்கும் நாளில் செய்ய வேண்டியவை சில. சான்றிதழில் 'ஆய்வகத்தில் வளர்ந்தது' என்றோ 'இயற்கை' என்றோ தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஆங்கிலம் தெரியாவிட்டால் படித்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாம். சான்றிதழ் பெற்ற கற்கள் பலவற்றின் விளிம்பில் லேசர் கதிரால் ஓர் எண் பொறித்திருப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் அதைக் காட்டச் சொல்லி, சான்றிதழ் எண்ணோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஜிஐஏ நிறுவனம் ஆய்வகத்து வைரங்களுக்கு இயற்கை வைரத்தின் நிற, தெளிவுப் படிகளை வழங்குவதை 2025ல் நிறுத்திவிட்டு, உயர்தரம், சாதாரணத் தரம் என்று இரண்டாக மட்டும் பிரிக்கிறது. ஆகவே பழைய சான்றிதழும் புதிய சான்றிதழும் வேறு மாதிரி இருந்தால் குழம்ப வேண்டாம். மோதிரத்தைச் சுற்றிப் பதிக்கும் பொடிக் கற்களுக்குத் தனிச் சான்றிதழ் இராது. அவை எந்த வகை என்பதையும் ரசீதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதித்தர மறுக்கும் கடையில் வாங்காமல் வந்துவிடலாம். திருப்பி வாங்கும்போது எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் ரசீதிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பரிசுப் பட்டியலில் ஒரு வரி: மோதிரம் ஒன்று, 18 கேரட் தங்கம் இத்தனை கிராம், ஆய்வகத்தில் வளர்ந்த வைரம் இத்தனை சென்ட், சான்றிதழ் எண் இன்னது, மதிப்பு இவ்வளவு, கொடுத்தவர் மணமகன். இரண்டு பிரதிகள் எடுத்து இரண்டு வீட்டிலும் ஒவ்வொன்று வைத்துக்கொள்ளலாம். ரசீதையும் சான்றிதழையும் ஓலை வாசிக்கக் கொடுக்கும் தாள்களோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்துவிட்டால் தேட வேண்டிய வேலை இராது.